போனில் பேச்சும் மெசேஜும் தகராறு செய்கிறதா? கோளாறு எந்த முனையில் என்று முதலில் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் என் அக்கா அழைக்கும்போதெல்லாம் ஒரே புகார். "டேய், நான் பேசுறதே எனக்குத் திரும்பக் கேக்குதுடா. என் போன் போயிடுச்சு போல, வேற வாங்கணும்." சிம்மைக் கழற்றி மாட்டினாள், போனை ரீஸ்டார்ட் செய்தாள், ஹெட்செட் மாற்றிப் பார்த்தாள். எதிலும் சரியாகவில்லை. கடைசியில் பார்த்தால் கோளாறு என் போனில். தடியான கவர் ஒன்று போட்டிருந்தேன். பேச்சுச் சத்தத்தையும் முழுதாக ஏற்றி வைத்திருந்தேன். அவள் குரல் என் இயர்பீஸில் வந்து, கவருக்குள்ளேயே ஓடி, என் மைக்கில் நுழைந்து அவளுக்கே திரும்பப் போயிருக்கிறது. கவரைக் கழற்றியதும் நின்றுவிட்டது. நல்லவேளை, அவள் அதற்குள் புது போன் வாங்கவில்லை.

குறை யாருக்குக் கேட்கிறதோ அவர் போன்தான் பழுது என்று நினைத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் ஓர் அழைப்புக்கு இரண்டு முனை உண்டு, நடுவில் நெட்வொர்க் உண்டு. மெசேஜுக்கும் அப்படித்தான். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் வேலை, கோளாறு இந்த முனையிலா, அந்த முனையிலா, நடுவிலா என்று பிரிப்பது. அதைச் செய்யாமல் செட்டிங்ஸில் கை வைத்தால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

தொடங்கும் முன் ஒரு சோதனை அழைப்பு

வீட்டில் இன்னொரு போன் இருந்தால் போதும். இரண்டையும் ஒரே அறையில் வைத்துப் பேசாதீர்கள். ஒன்றின் ஸ்பீக்கரை மற்றதன் மைக் பிடித்து ஊளையிடும். ஆளுக்கு ஓர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

"ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்பது சோதனையே அல்ல. ஒருவர் ஒன்று முதல் இருபது வரை நிதானமாக எண்ணட்டும். அடுத்து என்ன வரும் என்று கேட்பவருக்குத் தெரிந்திருப்பதால் எங்கே விழுங்கியது என்பது உடனே பிடிபடும். "பதினொன்று, பன்னி... பதினான்கு" என்று வந்தால் பதின்மூன்று காணாமல் போனதைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு ஆள் மாற்றி எண்ணுங்கள். இதையே காதில் வைத்து ஒரு முறை, ஸ்பீக்கரில் ஒரு முறை, ஹெட்செட்டில் ஒரு முறை செய்தால் ஐந்து நிமிடத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அப்புறம் இரண்டு கேள்வி. ஒருவரோடு பேசும்போது மட்டும் வருகிறதா, எல்லோரோடுமா? ஒருவரோடு மட்டும் என்றால் அவர் போனைச் சந்தேகப்படுங்கள். ஒரே இடத்தில் மட்டும் வருகிறதா, எங்கே போனாலுமா? ஒரே இடத்தில் என்றால் சிக்னல். எல்லோரோடும், எல்லா இடத்திலும் என்றால்தான் உங்கள் போனைக் கையில் எடுக்க வேண்டும்.

நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை

முதலில் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி அழையுங்கள். பக்கத்து அறையில் பெட்டிக்குள் சரியாகப் போகாத இயர்பட் ஒன்று இணைப்பிலேயே இருந்தால், நீங்கள் இங்கே பேசுவதை அது அங்கே கேட்டுக்கொண்டிருக்கும். அழைப்புத் திரையில் மியூட் பட்டன் கன்னம் பட்டு அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் மைக். இன்றைய போன்களில் மைக் ஒன்றல்ல, இரண்டு மூன்று இருக்கும். கீழே இருப்பது உங்கள் குரலுக்கு. மேலேயோ பின்னால் கேமரா பக்கத்திலோ இருப்பது சுற்றுச் சத்தத்தைப் பிடிக்க. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் போன் இரைச்சலைக் கழிக்கிறது. எது பழுது என்று தனித்தனியாகப் பார்க்கலாம். வாய்ஸ் ரெக்கார்டரில் ஒரு பதிவு, முன் கேமராவில் ஒரு வீடியோ, பின் கேமராவில் ஒரு வீடியோ எடுத்துக் கேளுங்கள். பல போன்களில் இந்த மூன்றும் வெவ்வேறு மைக்கை முன்னிறுத்தும். ரெக்கார்டரில் மந்தமாகவும் வீடியோவில் தெளிவாகவும் இருந்தால் கீழ் மைக்கில்தான் சிக்கல். மூன்றும் தெளிவாக இருந்தால் மைக்குகளை விட்டுவிடுங்கள். சோதனை அழைப்பிலும் கேட்கவில்லையென்றால் நெட்வொர்க் பக்கம் பார்க்க வேண்டும்.

கீழ் மைக் என்பது ஊசிமுனை அளவு துளை. சட்டைப்பைத் தூசியும் நூல் துணுக்கும் அதில்தான் போய் அடைக்கும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டுங்கள். தயவுசெய்து குண்டூசி வேண்டாம். இன்னொரு பெரும் தப்பு, சிம் தட்டைத் திறக்கும் ஊசியை அதன் துளை என்று நினைத்து மைக் துளையில் குத்துவது. இரண்டு துளையும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். அடையாளம் இதுதான்: சிம் துளையைச் சுற்றித் தட்டின் விளிம்புக் கோடு நீளமாக ஓடும், மைக் துளை தனியாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் சிம் மாற்றிய நாளிலிருந்து அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. புது சிம் சரியில்லை என்று இரண்டு முறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் அதே துளையில் குத்தினார்.

குரல் முழுதாகப் போகாமல் வெட்டி வெட்டிப் போகிறதென்றால் மேல் மைக்கைக் கவர் மூடியிருக்கலாம், அல்லது பேசும்போது உங்கள் விரலே அதன் மேல் இருக்கலாம். சுற்றுச் சத்தம் எது, பேச்சு எது என்று போனுக்குக் குழம்பி, உங்கள் குரலையே இரைச்சல் என்று கழித்துவிடும். கவரைக் கழற்றிவிட்டு எண்ணிப் பாருங்கள்.

வாட்ஸ்அப் போன்ற செயலியில் மட்டும் கேட்கவில்லை, சாதாரண அழைப்பில் கேட்கிறது என்றால் மைக் நன்றாக இருக்கிறது. செயலிக்கு அனுமதி இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல், மேலிருந்து இழுக்கும் குறுக்குவழிப் பலகையில் எல்லாச் செயலிக்கும் ஒரேயடியாக மைக்கை மூடும் பட்டன் ஒன்று வைக்க முடிகிறது. அது தெரியாமல் அழுந்தியிருந்தால் செட்டிங்ஸில் ஒவ்வொரு அனுமதியாகத் தேடினாலும் எல்லாம் சரியாகவே தெரியும்.

அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை

பேச்சின் சத்தம் வேறு, பாட்டின் சத்தம் வேறு, மணியின் சத்தம் வேறு. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தப் பட்டனை அழுத்தினால்தான் பேச்சின் சத்தம் ஏறும். போனைக் காதில் வைத்தபடியே அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

புது போன் என்றால் திரை மேல் தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய தாள் இன்னும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழைய போன் என்றால் இயர்பீஸ் வலையில் எண்ணெயும் அழுக்கும் படிந்திருக்கும். பிரஷ் இங்கேயும் உதவும். தண்ணீரோ ஸ்பிரேயோ கூடாது.

காதில் வைத்தால் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டால் கேட்கிறது என்றால் இயர்பீஸ் பழுது. எதில் போட்டாலும் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது என்றால் பெரும்பாலும் உங்கள் போன் குற்றவாளி அல்ல. அவர் மைக்காக இருக்கலாம், ஒரு திசையில் மட்டும் ஒலி வராமல்போன இணைப்பாக இருக்கலாம். அழைப்பை வைத்துவிட்டு இந்த முறை அவரை உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள். அழைப்பின் திசையை மாற்றினாலே சரியானால் அது அந்த இணைப்பின் கோளாறு. மாற்றியும் அவரோடு மட்டும் இப்படி என்றால் முந்தைய பகுதியை அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது

எதிரொலிக்கு விதி இதுதான்: அதைக் கேட்பவர் பாவப்பட்டவர், உண்டாக்குபவர் அடுத்தவர். எதிர்முனையில் ஸ்பீக்கரில் போட்டிருந்தால், சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் அல்லது காதில் வைக்கச் சொல்லுங்கள். வயர் ஹெட்செட் என்றால் அதன் மைக் இயர்பீஸோடு உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கவர் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். என் அக்காவுக்கு நான் செய்ததெல்லாம் அதுதான்.

திரும்பி வரும் குரல் எப்போதுமே கொஞ்சம் இருக்கும். தாமதம் சேரும்போதுதான் அது எதிரொலியாக உறைக்கிறது. தாமதம் தனியாகவே ஒரு தொல்லை. இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "சொல்லுங்க" "இல்ல நீங்க சொல்லுங்க" என்று முட்டிக்கொண்டால் போகும் வழி நீளமாகிவிட்டது என்று அர்த்தம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக ஓடும் என்கிறது. புளூடூத் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், நெரிசலான வைஃபை இன்னும் சேர்க்கும். இணைய அழைப்பில் இது வந்தால் இயர்பட்டைக் கழற்றி, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள்.

கேட்கிறது, ஆனால் டப்பாவுக்குள் பேசுவதுபோல் இருக்கிறது

பழைய தொலைபேசி முறை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். 4ஜி இணைப்பிலேயே பேச்சைக் கடத்தும் வோல்ட்இ முறையில் போகும் அகலப்பட்டை ஒலி 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது "எஸ்"ஸா "எஃப்"பா என்று எதிரில் இருப்பவர் மூன்று முறை கேட்கிறாரே, காரணம் இங்கே இருக்கிறது. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பகுதி 3400க்கு மேல் இருக்கிறது. குறுகிய வழியில் அது வெட்டுப்பட்டுப் போகிறது.

எனவே உங்கள் போனில் வோல்ட்இ இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் சிம் பகுதியில் பாருங்கள். இருவரிடமும் இருந்தால்தான் பலன். ஒருவர் பழைய முறையில் இருந்தால் இருவருக்கும் டப்பாதான். பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் குரல் சட்டென்று மங்கினால், 4ஜி சிக்னல் குறைந்து அழைப்பு கீழே உள்ள நெட்வொர்க்குக்கு இறங்கியிருக்கும். அப்போது போனைக் குறைசொல்லிப் பயனில்லை.

பாதியில் அறுந்துவிடுகிறது

எப்போது அறுகிறது என்பதே விடை. நடக்கும்போது, வண்டியில் போகும்போது என்றால் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடத்தில் விடுகிறது. ஒரே மூலையில் உட்கார்ந்தால் அறுகிறது என்றால் சிக்னல்.

சிக்னலைக் கோடுகளால் அளக்காதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பது போன் தயாரித்தவர் விருப்பம். பல ஆண்ட்ராய்டு போன்களில் 'போன் பற்றி' பகுதியில் சிம் நிலைக்குள் போனால் டிபிஎம் என்ற சிக்னல் சக்தி அளவில் ஓர் எண் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் சோதனைத் திரை வரும். எண் எப்போதும் மைனஸில்தான். 4ஜியில் மைனஸ் 90 பக்கம் இருந்தால் நிம்மதி, மைனஸ் 110ஐத் தாண்டினால் பேச்சு திணறும், மைனஸ் 120 கிட்டத்தட்ட இல்லாத மாதிரி. பத்து எண் இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது என்று அர்த்தம். ஜன்னலிலிருந்து உள்ளறைக்குப் போவதற்குள் அது நடந்துவிடும். அந்த மாதிரி வீட்டுக்கு, டவருக்குப் பதில் வைஃபை வழியாக அழைப்பைக் கடத்தும் வைஃபை காலிங் நல்ல மருந்து. நெட்வொர்க் ஆதரித்தால் போட்டுவிடுங்கள்.

கை வைக்கும் இடமும் கணக்கு. ஆன்டெனா போனின் விளிம்பில்தான் ஓடுகிறது. 2010இல் ஐபோன் 4 வந்தபோது கீழ் இடது மூலையை இறுக்கிப் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று பெரிய களேபரமாகி, ஆப்பிள் இலவசமாகக் கவர் கொடுத்தது. இப்போதைய போன்களில் அவ்வளவு மோசமில்லை என்றாலும், சிக்னல் ஏற்கெனவே ஓரத்தில் இருக்கும்போது பிடியை மாற்றினாலே அழைப்பு பிழைக்கும். உலோகக் கவர், காந்தத் தகடு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

காதில் வைத்தவுடன் அறுகிறது, ஸ்பீக்கரில் அறுவதில்லை என்றால் சிக்னலே அல்ல. முகம் அருகே வந்ததும் திரையை அணைக்கும் சென்சார் வேலை செய்யவில்லை. கன்னம் சிவப்புப் பட்டனை அழுத்துகிறது. திரைக்கு மேல் ஒட்டிய கண்ணாடி சென்சாரை மறைத்திருக்கும். சோதனை சுலபம்: அழைப்பு ஓடும்போது திரையின் மேல் விளிம்பருகே உள்ளங்கையை வையுங்கள். திரை கறுத்தால் சென்சார் சரி.

போன் ஆனில் இருக்கிறது, அழைப்பவருக்கு "ஸ்விட்ச் ஆஃப்" என்று வருகிறது

இதில்தான் சண்டை அதிகம். "வேணும்னே ஆஃப் பண்ணி வெச்சிருந்தியா?" என்று கேட்பவரிடம் போனைக் காட்டினாலும் நம்ப மாட்டார்.

முதலில் ஃப்ளைட் மோடைப் போட்டுப் பத்து நொடி கழித்து எடுங்கள். போன் நெட்வொர்க்கில் மறுபடி பதிவு செய்துகொள்ளும். திரையில் சிக்னல் தெரிந்தாலும் பதிவு அறுந்துபோயிருக்கலாம். அப்போது நெட்வொர்க்கைப் பொறுத்தவரை நீங்கள் ஊரிலேயே இல்லை.

அதற்கும் சரிவராமல் இணையம் மட்டும் ஜோராக ஓடினால், நெட்வொர்க் வகையைப் பாருங்கள். வேகம் கிடைக்கும் என்று யாரோ சொல்லி *#*#4636#*#* மெனுவில் போய் '4ஜி மட்டும்' என்று பூட்டி வைத்திருப்பார்கள். வோல்ட்இ அணைந்திருந்தாலோ அந்த போனுக்கு நெட்வொர்க் அதை வழங்காவிட்டாலோ, அழைப்பு வருவதற்குக் கீழே உள்ள 2ஜி, 3ஜி வழியைத்தான் நம்ப வேண்டும். அதைப் பூட்டிவிட்டால் டேட்டா வரும், அழைப்பு வராது.

இரண்டு சிம் போனா? பெரும்பாலானவற்றில் ஒரு சிம்மில் பேசும்போது மற்றது காதை மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரம் முதல் சிம்மில் பேசினால் இரண்டாவது எண்ணை அழைத்தவர்களுக்கெல்லாம் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றுதான் வந்திருக்கும். பழுதல்ல, அமைப்பே அப்படி. முடிந்தால் ஒரு சிம் தொடர்பில் இல்லாதபோது மற்றொன்றுக்குத் திருப்பும்படி அமைத்துக்கொள்ளலாம்.

பிறகு கால் ஃபார்வர்டிங். *#21# என்று டயல் செய்தால் எல்லா அழைப்பும் வேறெங்காவது திருப்பப்படுகிறதா என்று திரையில் வரும். *#67# நீங்கள் பேச்சில் இருக்கும்போது, *#61# எடுக்காதபோது, *#62# தொடர்பில் இல்லாதபோது திருப்புவதைக் காட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்க ##002#. சில நெட்வொர்க்குகளில் இந்தக் குறியீடுகள் வேலை செய்யாது. அப்போது போன் செயலியின் செட்டிங்ஸ் வழியாகவோ வாடிக்கையாளர் சேவையிடமோ பார்க்க வேண்டும். தெரியாத எண் ஒன்று அங்கே இருந்தால் சாதாரணமாக விடாதீர்கள். ஸ்டார், இரண்டு, ஒன்று என்று தொடங்கும் ஒரு குறியீட்டை "இதை டயல் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்று போனில் யாராவது சொல்லிக்கொடுத்து நீங்கள் அழுத்தியிருந்தால், உங்களுக்கு வர வேண்டிய ஓடிபி அழைப்புகள் அவர் காதுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உடனே நீக்கிவிட்டு வங்கியைக் கூப்பிடுங்கள்.

இரண்டு மணி அடித்து, எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது என்பதும் இதே குடும்பம். எடுக்காதபோது திருப்பும் நேரம் ஐந்து நொடியிலிருந்து முப்பது நொடி வரை வைக்கலாம். உங்களுடையது குறைவாக இருக்கும். **61* போட்டு, திருப்பும் எண், பிறகு **30# என்று அழுத்தி அழைத்தால் முப்பது நொடி கிடைக்கும்.

அழைப்பு வந்திருக்கிறது, மணி அடிக்கவே இல்லை

தவறிய அழைப்பு பட்டியலில் இருக்கிறது என்றால் நெட்வொர்க் தன் வேலையைச் செய்துவிட்டது. மிச்சமெல்லாம் உங்கள் போனுக்குள். மணிச் சத்தம் பூஜ்யமா, தொந்தரவு செய்யாதே என்ற நிலையில் இருக்கிறதா, மணி எங்கோ கிடக்கும் இயர்பட்டில் அடித்ததா என்று இந்த வரிசையில் பாருங்கள். அந்த நிலைக்குத் தானாக ஆன் ஆகும் நேர அட்டவணை உண்டு. ராத்திரிக்கு வைத்தது காலை வரை நீண்டிருக்கும்.

அவசரத்துக்கு அழைக்கிறவர் திரும்பத் திரும்ப அழைப்பார் என்பதால் இதில் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வசதி ஆனில் இருந்தால், ஐபோனில் அதே ஆள் மூன்று நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி அடிக்கும். ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இது ஆனில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

மணி அடிக்கிறது, ஆனால் திரையில் யார் என்று வருவதில்லை, எடுக்கப் பட்டனும் இல்லை என்றால் போன் செயலிக்கு அறிவிப்பு அனுமதி போயிருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது.

எண்ணை அழுத்தினால் எதிர்முனைக் கணினி ஏற்க மாட்டேன் என்கிறது

"ஒன்றை அழுத்தவும்" என்கிறது, அழுத்தினால் மறுபடி அதையே சொல்கிறது. அழுத்தும்போது கேட்கும் "டீ" ஒலி உங்கள் மைக் வழியாகப் போவதில்லை. போன் நெட்வொர்க்குக்குத் தனியாகச் சொல்கிறது. அதனால் சத்தமாக அழுத்துவது, நீளமாக அழுத்துவதெல்லாம் வீண். வேகமாக அடிக்காமல் எண்ணுக்கு எண் ஒரு நொடி விட்டுப் பாருங்கள். இணைய அழைப்புச் செயலியில் இது வந்தால் சாதாரண அழைப்பில் முயலுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

எஸ்எம்எஸ் வருகிறது, போகவில்லை

மெசேஜ் உங்கள் போனிலிருந்து நேராக அடுத்தவர் போனுக்குப் பறப்பதில்லை. நெட்வொர்க்கின் மெசேஜ் மையத்துக்குப் போய், அங்கே சேமிக்கப்பட்டு, அவர் போன் கிடைக்கும்போது தள்ளிவிடப்படுகிறது. அந்த மையத்துக்கு ஒரு எண் உண்டு. அது உங்கள் சிம்மில் பதிந்திருக்கும். வருவது வந்து, போவது மட்டும் யாருக்கும் போகவில்லையென்றால் முதல் சந்தேகம் அந்த எண்மேல்தான். ஐபோனில் *#5005*7672# டயல் செய்தால் காட்டும். ஆண்ட்ராய்டில் மெசேஜ் செயலியின் செட்டிங்ஸிலோ முன்பு சொன்ன 4636 மெனுவிலோ இருக்கும். சரியான எண்ணை உங்கள் நெட்வொர்க்கிடம் கேட்டு வாங்குங்கள். நண்பர் சொன்னார் என்று வேறு நெட்வொர்க் எண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

ஒருவருக்கு மட்டும் போகவில்லை என்றால் அவர் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு சேமித்துப் பாருங்கள். படம் சேர்த்த மெசேஜ் மட்டும் போகவில்லை என்றால் மொபைல் டேட்டா ஆனில் இல்லை. படம் போகும் வழி எஸ்எம்எஸ் வழி அல்ல.

போகிறது, வரவில்லை, குறிப்பாக ஓடிபி

இப்போது மைய எண்ணைத் தொடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மெசேஜ் செயலியில் 'ஸ்பேம், தடுக்கப்பட்டவை' என்றொரு பெட்டி இருக்கும். அதைத் திறந்து பார்த்ததே இல்லை என்பவர்கள்தான் அதிகம். ஐபோனில் அறியாத எண்ணிலிருந்து வருபவை தனிப்பட்டியலில் ஒதுங்கியிருக்கலாம். அங்கேயும் இல்லையென்றால் போனில் இடம் நிறைந்திருக்கிறதா பாருங்கள்.

அடுத்து, சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு அதே ஓடிபியைக் கேளுங்கள். அங்கே வந்தால் பழுது உங்கள் போனில். அங்கேயும் வரவில்லையென்றால் அனுப்புகிறவரிடமோ நெட்வொர்க்கிலோ. ஓடிபியைப் பத்து முறை திரும்பக் கேட்காதீர்கள். தாமதமாகிப் பத்தும் சேர்ந்து வந்து, எது கடைசியானது என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறிய பின் ஐபோன்காரர்கள் அனுப்புவது மட்டும் வரவில்லையா? உங்கள் எண் இன்னும் ஆப்பிளின் சொந்த மெசேஜ் சேவையான ஐமெசேஜில் பதிந்திருக்கிறது. அதை நீக்க ஆப்பிள் தளத்திலேயே தனிப்பக்கம் உண்டு, பழைய போன் கையில் இல்லாவிட்டாலும் முடியும்.

மெசேஜ் துண்டு துண்டாகப் போகிறது, பணம் கூடப் பிடிக்கிறது

தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும். 1120ஐ ஏழால் வகுத்தால் 160. அந்தப் புகழ்பெற்ற 160 இங்கிருந்து வருகிறது. தமிழுக்கு, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் முறை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பதினாறு பிட். வகுத்தால் 70.

அந்த 70ம் நம் கண் எண்ணும் எழுத்தல்ல. "வணக்கம்" என்பதில் நமக்கு ஐந்து எழுத்து: வ, ண, க், க, ம். போன் எண்ணுவது ஏழு. ஏனென்றால் க்-இல் உள்ள புள்ளி தனி, ம்-இல் உள்ள புள்ளி தனி. "கொ" இரண்டு, "க்ஷ" மூன்று. 70ஐத் தாண்டியதும் துண்டாகும். துண்டுகளைச் சேர்த்து ஒட்டும் தகவலுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு துண்டிலும் 67தான் மிஞ்சும். கட்டணம் துண்டுக் கணக்கில்தான்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் தப்ப முடியாது. 150 எழுத்துள்ள ஆங்கில மெசேஜ் ஒன்றாகப் போகும். கடைசியில் ஒரு சிரிப்பு இமோஜி வைத்தால் முழு மெசேஜும் யூனிகோடுக்கு மாறும். இமோஜிக்கு இரண்டு சேர்ந்து 152 ஆகி மூன்று மெசேஜாகிவிடும். வளைந்த மேற்கோள் குறியும் இதையே செய்யும், அது கண்ணுக்கே தெரியாது.

நடுவில் ஒரு துண்டு தொலைந்தால் சில போன்கள் வந்தவற்றை அரைகுறையாகக் காட்டும், சில மொத்தத்தையும் காட்டாமல் காத்திருக்கும். பெறுபவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அவர் போனில் தமிழ் எழுத்துரு இல்லை. திரும்பத் திரும்ப அனுப்பினாலும் கட்டம்தான் போகும்.

செயலியைத் திறந்தால்தான் மெசேஜ் வருகிறது

ஆண்ட்ராய்டு 6 முதல், தொடாமல் கிடக்கும் போன் பேட்டரிக்காகச் செயலிகளைத் தூங்க வைக்கிறது. அதற்கு மேல் சில தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையாகத் தூங்க வைக்கிறார்கள். பேட்டரி செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடில்லை என்று வையுங்கள், பின்னணி டேட்டாவை அனுமதியுங்கள்.

எந்த முனை என்பதை வாட்ஸ்அப் தானே சொல்லிவிடுகிறது. ஒற்றை டிக் என்றால் உங்களிடமிருந்து கிளம்பிவிட்டது, அவர் போனுக்குச் சேரவில்லை. கடிகாரக் குறி என்றால் உங்களிடமிருந்தே கிளம்பவில்லை. அழைப்பில் 'காலிங்' என்றே நின்றால் அவர் போனைத் தொடவில்லை. 'ரிங்கிங்' என்று மாறினால்தான் அங்கே மணி அடிக்கிறது. ஒற்றை டிக்கைப் பார்த்துவிட்டு உங்கள் செயலியை அழித்து மறுபடி நிறுவாதீர்கள். பேக்கப் எடுக்க மறந்து பழைய உரையாடல் எல்லாம் போய்விடும், டிக் அப்படியே ஒற்றையாக நிற்கும்.

எதுவும் பலிக்கவில்லையென்றால்

ஆண்ட்ராய்டில் சேஃப் மோடில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் நிறுவிய செயலிகள் எல்லாம் ஒதுங்கி நிற்கும். அதில் கோளாறு வரவில்லையென்றால், அழைப்பைப் பதிவு செய்யும் செயலி, ஸ்பேம் தடுக்கும் செயலி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். என் அனுபவத்தில் பாதி வழக்கு இவற்றோடு முடிந்துவிடும். பிறகு நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் ரீசெட் செய்யலாம். படங்களும் மெசேஜும் போகாது, வைஃபை பாஸ்வேர்டும் புளூடூத் இணைப்பும் மட்டும் போகும். முழு ஃபேக்டரி ரீசெட் கடைசி. இரண்டு சிம்மிலும் வரும் ஒரே கோளாறு போனுடையது, சிம்மோடு கூடவே இன்னொரு போனுக்குப் போகும் கோளாறு சிம்முடையது என்று பிரிக்காமல் ரீசெட் செய்யவே செய்யாதீர்கள்.

சர்வீஸுக்குக் கொடுப்பதென்றால் "சரியா கேக்கல" என்று மட்டும் சொல்லாதீர்கள். காதில் வைத்தால் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் கேட்கிறது, ரெக்கார்டரில் மந்தம், முன் கேமரா வீடியோவில் தெளிவு என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். சிம்மைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் *#06# அழுத்தி, திரையில் வரும், போனின் அடையாளமான பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும், இரண்டையும்.